நான்கு வெள்ளிக் கரண்டிகள்

அன்பான சபையாரே,

அறுப்பின் பண்டிகை நாளில் காணிக்கையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் நான் இன்று பேச வந்தது, காணிக்கைப் பையில் போட்ட பிறகு வீட்டில் மீதி இருக்கிறதே, அந்தப் பணத்தைப் பற்றி.

1776-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லிக்கு வரி அதிகாரிகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த நாளில் வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி உண்டு. இவ்வளவு பேர் பெற்ற போதகர் வீட்டில் வெள்ளி நிறைய இருக்கும், கணக்கில் காட்டாமல் வைத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். அவர் எழுதிய பதில் இரண்டே வரி. லண்டனில் இரண்டு வெள்ளித் தேக்கரண்டி, பிரிஸ்டலில் இரண்டு. என்னைச் சுற்றி இத்தனை பேர் அப்பத்துக்கு வழியில்லாமல் இருக்கும்போது இதற்கு மேல் வாங்கமாட்டேன்.

கையில் காசில்லாதவர் எழுதிய பதில் இல்லை இது. அவருடைய சிறு நூல்கள் எதிர்பாராத அளவுக்கு விற்றன. அறியாமலேயே பணக்காரன் ஆகிவிட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். சரி, அந்தப் பணம் எங்கே போனது?

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தம்மோடும் நண்பர்களோடும் இருந்த ஒரு வாலிபனின் கணக்கு என்று வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் சொன்னார். அது அவருடைய சொந்தக் கணக்குத்தான் என்று பலரும் நம்புகிறார்கள். முதல் வருடம் வருமானம் 30 பவுண்டு. 28-இல் வாழ்ந்தான், 2 பவுண்டு கொடுத்தான். அடுத்த வருடம் வருமானம் 60. அப்போதும் 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தான். அப்புறம் 90 வந்தது, 62 கொடுத்தான். 120 வந்தபோது 92. வருமானம் நான்கு மடங்கு ஆனது, செலவு அந்த 28-ஐ விட்டு நகரவே இல்லை. நமக்குச் சம்பளம் கூடினால் முதலில் நகர்வது செலவுதான். போன வருடம் ஆடம்பரமாக இருந்த பொருள் இந்த வருடம் அவசியமாகிவிடுகிறது.

எங்கள் ஆச்சி அரிசி களைவதற்கு முன்னே ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். கோயிலுக்குப் போகும் பிடி அரிசி அது. உலை வைத்த பிறகு எடுக்கலாமே என்று சிறுவயதில் கேட்டேன். "அப்புறம் எடுக்கக் கை வராது ஐயா" என்றார்கள். வெஸ்லியின் கணக்கைப் படித்தபோது அந்தப் பானைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

வெஸ்லிக்கும் கை தடுமாறிய நாள் உண்டு. ஆக்ஸ்போர்டில் ஒரு குளிர்காலம். அவரும் நண்பர்களும் படிக்க வைத்த ஏழைச் சிறுமி ஒருத்தி வந்து நின்றாள். மேலே மெல்லிய துணி ஒன்றுதான். வேறு உடை இல்லையா என்று கேட்டார். இதுதான் ஐயா இருக்கிறது என்றாள். பைக்குள் கையை விட்டால் பணம் அநேகமாக இல்லை. சுவரில் அழகுக்காக மாட்டிய படங்கள் கண்ணில் பட்டன. இந்தப் பிள்ளையைக் குளிரிலிருந்து காத்திருக்கக்கூடிய பணத்தில் சுவரை அலங்கரித்தாயே, இந்தப் படங்கள் இவளுடைய இரத்தம் அல்லவா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். படம் வாங்குவது பாவமா? அவர் அன்று அதையா யோசித்தார்! வாசலில் ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டு நின்றது.

1785 ஜனவரியில் அவருக்கு வயது 81. ஏழைகளுக்கு நிலக்கரியும் ரொட்டியும் கொடுத்தால் போதாது, துணியும் வேண்டும் என்று ஐந்து நாள் லண்டன் தெருக்களில் நடந்து 200 பவுண்டு யாசித்தார். கணுக்கால் ஆழத்துக்கு உருகிய பனி. காலையிலிருந்து மாலை வரை பாதம் அந்தத் தண்ணீரிலேயே ஊறியது என்று நாட்குறிப்பில் எழுதினார். பிரசங்கம் செய்துவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். யார் குறை சொல்லியிருப்பார்கள்?

நேர்மையாக முடிந்த அளவு சம்பாதி, முடிந்த அளவு மிச்சம் பிடி, முடிந்த அளவு கொடு. இந்த மூன்றையும் அவர் கற்றுக்கொடுத்தார். முதல் இரண்டையும் பிடித்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிட்டீர்களே என்று முதுமையில் தம் சொந்த மக்களைப் பார்த்தே வருந்தினார். அந்த வருத்தம் நம்மைப் பார்த்தும்தான் என்று நினைக்கிறேன்.

1791-இல் இறந்தார். பிரேத வண்டி வேண்டாம், ஆடம்பரம் எதுவும் வேண்டாம் என்று உயிலில் எழுதியிருந்தார். ஆறு ஏழை மனிதர்கள் உடலைச் சுமக்க வேண்டும், அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு.