கீழேயிருந்து வரும் வெயில்

நேயர்களுக்கு வணக்கம்.

உயரமான மலைக்குக் கிளம்புகிறவர்கள் கண்ணாடி வாங்க வந்தால், பெரும்பாலும் முதலில் கேட்பது, "இருக்கிறதிலேயே நல்ல கறுப்பா எது இருக்கு?" என்றுதான். கண் பரிசோதனைத் தொழிலில் இருக்கிற எனக்கு இந்தக் கேள்வி பழகிப் போய்விட்டது. ஆனால் கறுப்பு என்பது வெளிச்சத்தைக் குறைக்கும் அளவு மட்டுமே. கண்ணைப் புண்ணாக்குகிற புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு சங்கதி. அது நம் கண்ணுக்குத் தெரியாத கதிர். கிட்டத்தட்ட நிறமே இல்லாத, பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்த ஒரு லென்ஸ் அதை நன்றாகத் தடுத்துவிடும்; கன்னங்கரேலென்று இருக்கும் மட்டமான பிளாஸ்டிக் தடுக்காமல் விட்டுவிடலாம். அப்படி விட்டால் நிலைமை இன்னும் மோசம். இருட்டாக இருக்கிறதே என்று கண் பாப்பா விரிந்துகொள்ளும், கதிருக்குக் கதவைத் திறந்துவிட்ட கதைதான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது யுவி 400 என்ற குறிப்பு. யுவி என்றால் புற ஊதா; 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை லென்ஸ் தடுக்கிறது என்று அதற்குப் பொருள். ஸ்டிக்கரை நம்ப மனமில்லை என்றால், இதை அளக்கும் சிறு மீட்டர் பல கண்ணாடிக் கடைகளில் இருக்கிறது. சில நொடி வேலைதான், வெட்கப்படாமல் கேளுங்கள்.

மலையில் ஏன் இவ்வளவு கவனம்? ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. தலைக்கு மேலே காற்று மெலிந்துவிடுகிறது அல்லவா, வடிகட்ட ஆள் இல்லை. இதோடு பனி சேர்ந்துகொண்டால் தொல்லை இரட்டிப்பு. புதிதாக விழுந்த பனி, தன்மேல் படும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். புல்தரையில் அது மிகக் குறைவு. பனியில் நிற்பவருக்கு வெயில் கீழேயிருந்தும் அடிக்கிறது. தொப்பி விளிம்பு இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மேகம் மூடியிருந்தாலும் கதிர் கணிசமாக இறங்கிவிடும் என்பதால், மந்தாரமான நாளில் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொள்வது சரியான யோசனை இல்லை.

1924 ஜூன் 4ஆம் தேதி எட்வர்ட் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் மலையேறி எவரெஸ்டில் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறத்தாழ 8,570 மீட்டர் வரை ஏறினார். பாறையில் கால் வைக்கிற இடம் சரியாகத் தெரிய கண்ணாடியின் விளிம்பு இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைக் கழற்றியிருந்தார். சுற்றி இருந்தது பெரும்பாலும் கரும்பாறை. ஆனாலும் அன்று இரவே கடும் வலி; இரண்டு நாளுக்கு மேல் பார்வையே இல்லை. அத்தனை அனுபவம் உள்ளவருக்கே அந்தக் கதி.

இந்தச் சம்பவத்தை நான் அடிக்கடி சொல்வதற்குக் காரணம், லென்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஃபிரேம் இடைஞ்சல் செய்தால் மனிதர் கழற்றிவிடுவார் என்பதுதான். என் அனுபவத்தில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். கடையிலேயே போட்டுப் பாருங்கள். அப்படியே வெளிச்சத்துக்கு வந்து, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் கீழே தாழ்த்துங்கள். லென்ஸுக்கும் கன்னத்துக்கும் நடுவே சட்டை பளிச்சென்று தெரிகிறதா? அந்த இடைவெளி வழியாகத்தான் பனியின் வெளிச்சம் ஏறி வரும். நெற்றிப்பொட்டுப் பக்கமும், அதாவது கண்ணின் வெளி ஓரத்திலும், இப்படித்தான். முகத்தோடு வளைந்து வரும் ஃபிரேமோ, ஓரத்தில் மறைப்பு வைத்ததோ வேண்டும். அதற்காகக் கன்னத்தில் அழுத்தி ஒட்டுகிற மாதிரியும் இருக்கக் கூடாது. ஏறும்போது மூச்சும் வியர்வையும் சேர்ந்து ஆவி படிந்துவிடும். இமைமுடி லென்ஸில் உரசினால் வேறு ஃபிரேம் பாருங்கள்.

சரி, கறுப்புக்கு வருவோம். கூலிங் கிளாஸ்களை 0 முதல் 4 வரை வகை பிரித்திருக்கிறார்கள். 3ஆம் வகை, வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதத்தை மட்டும் உள்ளே விடும். பனியில்லாத மலைப்பாதைக்கு இதுவே போதும். பனிமலைக்கும் பனியாற்றுக்கும் 4ஆம் வகை; அது 3 முதல் 8 சதவீதம்தான் விடும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. மலையிலிருந்து இறங்கி அப்படியே ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

போலரைஸ்டு லென்ஸ் நீரிலும் பனியிலும் தெறிக்கும் கூச்சத்தை நன்றாகக் குறைக்கும். ஆனால் வழுக்கும் பனிக்கட்டியின் பளபளப்பும் சேர்ந்து மறைந்துவிடுவதால் சில மலையேறிகளுக்கு அது பிடிப்பதில்லை. போலரைஸ்டு என்றாலே புற ஊதாத் தடுப்பும் உண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். நிறம் சாம்பலா பழுப்பா என்பது உங்கள் விருப்பம்.

பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதே பவரில் இதைச் செய்துகொள்வது நல்லது. கான்டாக்ட் லென்ஸில் யுவி தடுப்பு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், அது கண்ணின் வெள்ளையை முழுதாக மூடாது. குழந்தைகள் கூட வந்தால் அவர்களுக்கும் சரியான கண்ணாடி வாங்குங்கள். அவர்கள் கண்ணுக்குள் கதிர் நம்மைவிட அதிகமாக இறங்கும். அப்புறம், கயிறு கட்டிக்கொள்ளுங்கள், உபரியாக ஒரு ஜோடியும் பையில் இருக்கட்டும். காற்றில் பறந்த கண்ணாடியைத் தேடிப் பனிச்சரிவில் இறங்க முடியாது. எதுவுமே இல்லாமல் மாட்டிக்கொண்டால், அட்டையில் மெல்லிய கீறல் போட்டுக் கண்ணுக்கு நேரே கட்டிக்கொள்ளலாம். வடதுருவப் பகுதியின் இன்யூட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் இப்படித்தான் செய்தார்கள்.

நார்ட்டனுக்கு வந்தது போல, புற ஊதாக் கதிரால் கண் புண்ணாவதைப் பனிக்குருடு என்பார்கள். உடனே தெரியாது என்பதுதான் அதன் சூழ்ச்சி. பல மணி நேரம் கழித்து, கூடாரத்தில் படுத்தபிறகு, மணல் விழுந்த மாதிரி உறுத்தும், நீர் கொட்டும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. கண்ணைக் கசக்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிட்டு, இருட்டில், குளிர்ந்த ஈரத்துணியை மூடிய கண்மேல் போட்டுப் படுத்திருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். ஆறவில்லை என்றாலோ பார்வை மங்கலாகவே இருந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். வலி மரக்கிற சொட்டு மருந்தை மட்டும் நீங்களாக வாங்கி விட்டுக்கொள்ளாதீர்கள். வலி போகும், ஆனால் புண் ஆறுவது தள்ளிப்போகும்.