பூனையின் மூச்சுச் சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். பூனைகளுக்கு வரும் மூச்சுத் தொல்லைகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். வானொலியில் படம் காட்ட முடியாது, சத்தத்தை வைத்துத்தான் விளக்க வேண்டும். மூக்கு, தொண்டை, குரல்வளை ஆகியவற்றில் வரும் நோய்களுக்கு அதுவே போதும். பாதி நோயைக் காதே சொல்லிவிடும்.

ஆரோக்கியமான பூனை சும்மா படுத்திருக்கும்போது மூச்சு விடுவது நம் காதில் விழாது. நிமிடத்துக்கு 15 முதல் 30 முறை விலா மெல்ல ஏறி இறங்கும், அவ்வளவுதான். மடியில் படுத்து குர்குர் என்று கொஞ்சுவது கணக்கில் வராது. அது மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் விடாமல் ஓடும் சத்தம். ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் அதை ஆரம்பிக்கும் பூனைகள் உண்டு. பக்கத்தில் குழாயைத் திறந்து தண்ணீர் ஓடவிட்டால் சில பூனைகள் நிறுத்திவிடும். எல்லாம் அல்ல!

நாம் கவனிக்க வேண்டியது மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும் சத்தத்தை. அது குறட்டை மாதிரி தாழ்வாக, சளி கட்டியது போலக் கேட்டால் அடைப்பு பெரும்பாலும் மூக்கில் அல்லது மூக்கின் பின்புறம், வாய்க்கூரையின் பின்பாதியான மெல்லண்ணத்துக்கு மேலே இருக்கும். சீட்டி அடிப்பது போல மெல்லிசாகக் கீச்சென்று கேட்டால் குரல்வளையைச் சந்தேகிக்க வேண்டும். கூடவே மியாவ் குரலும் மாறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். இருமலும், மூச்சை வெளியே விடும்போது இரைப்பும் இருந்தால் அது ஆஸ்துமா போல நெஞ்சுக்குள் இருக்கும் பிரச்சினை. அதை இன்று தொடப் போவதில்லை.

நான் சறுக்கிய ஒரு கதையைச் சொல்கிறேன். ஒரு வயது ஆண் பூனை, மூக்கு ஒழுகுகிறது என்று கொண்டுவந்தார்கள். பூனைகளுக்கு மூக்கு ஒழுகினால் முதலில் நினைவுக்கு வருவது ஹெர்பீஸ், கலிசி என்ற இரண்டு வைரஸ்கள். தும்மல், கண்ணில் நீர், இரண்டு மூக்கிலும் ஒழுகல், கலிசி என்றால் நாக்கில் புண். பெரும்பாலும் பத்து நாளுக்குள் அடங்கிவிடும். இந்தப் பூனைக்கும் அதுதான் என்று ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பினேன். கொஞ்சம் குறைந்தது, திரும்ப வந்தது. மருந்தை மாற்றினேன். மூன்றாவது முறை வந்தபோது வீட்டுக்காரம்மா, "டாக்டர், இது தூங்கும்போது எங்க வீட்டுக்காரரை விடப் பெரிசாக் குறட்டை விடுது" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, ஃபோனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். என் மேஜை மேல் பயந்து ஒடுங்கி உட்கார்ந்திருந்த பூனையிடம் அந்தச் சத்தம் சுத்தமாக இல்லை. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை.

குளிரவைத்த கண்ணாடித் துண்டு ஒன்றை அதன் மூக்குக்கு முன்னால் பிடித்தேன். இரண்டு துளைக்கும் இரண்டு பனிப்படலம் படிய வேண்டும். இரண்டுமே மங்கலாக, பட்டும் படாமலும் படிந்தன. மூக்கின் ஒரு பக்கம் மட்டும் அடைத்திருந்தால் ஒன்று படியும், மற்றது படியாது. இரண்டும் குறைந்தால் இரண்டு வழியும் சேரும் பின்பக்கத்தில் ஏதோ இருக்கலாம்.

மயக்கம் கொடுத்து, வாயைத் திறந்து, மெல்லண்ணத்தை ஒரு சிறு கொக்கியால் முன்னால் இழுத்துப் பார்த்தேன். பட்டாணி அளவில், இளஞ்சிவப்பாக, பளபளவென்று ஒரு சதை உருண்டை. இதற்குப் பாலிப் என்று பெயர். புற்றுநோய் அல்ல. நடுச்செவியிலோ, காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயிலோ முளைத்து, காம்பு நீண்டு தொண்டைக்கு வந்து தொங்கும். இளம் பூனைகளில்தான் அதிகம் பார்க்கலாம். இடுக்கியால் பிடித்து, அவசரப்படாமல், ஒரே சீராக இழுத்தால் காம்போடு வந்துவிடும். சிலவற்றுக்குத் திரும்ப முளைக்கும். அப்போது காதுக்குக் கீழே உள்ள எலும்பறையைத் திறந்து வேரோடு எடுக்க வேண்டியிருக்கும்.

வயதான பூனை என்றால் கதை வேறு. ஒரு பக்க மூக்கில் மட்டும் ஒழுகல், ரத்தம், முகம் ஒரு பக்கம் வீங்குவது இதெல்லாம் புற்றுநோயாக இருக்கலாம். மூக்குத்தண்டு புடைத்திருந்தால் பூஞ்சைத் தொற்றையும் நினைக்க வேண்டும். சி.டி. ஸ்கேனும், துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியும் இல்லாமல் இங்கே வைத்தியம் செய்வது இருட்டில் கல்லெறிவதுதான். நேற்றுவரை நன்றாக இருந்த பூனை திடீரென்று விடாமல் தும்மினால் ஒரு புல் இதழ் உள்ளே போய் மாட்டியிருக்கலாம். சப்பை மூக்குப் பாரசீகப் பூனைகளுக்குத் துளையே பிறவியில் குறுகல். அதை அறுவையில் அகலப்படுத்தலாம்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையை மட்டும் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். நாய் இளைப்பது போல இதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈறு நீலம் பாய்ந்திருந்தால் இன்னும் அவசரம். வாய்க்குள் விரல் விடாதீர்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள். பெட்டியில் வைத்து, துணியால் லேசாக மூடி, சத்தமில்லாமல் கொண்டுவாருங்கள். நாங்களும் முதலில் ஆக்சிஜன் கொடுத்து, பதற்றம் தணிய லேசான மருந்து போட்டு விட்டுவிடுவோம். எக்ஸ்ரே அப்புறம். திணறும் பூனையைப் படுக்கவைத்துப் படம் எடுக்கப் போய் உயிரை விட்டுவிடக் கூடாது. குரல்வளையைப் பார்க்க வேண்டியிருந்தால் லேசான மயக்கத்தில் பார்ப்போம். இரண்டு மடிப்புகளும் மூச்சை இழுக்கும்போது விரிய வேண்டும். விரியவில்லையென்றால் வாதம், அதாவது அவை செயலிழந்திருக்கின்றன. ஒரு பக்கம் தடித்திருந்தால் அங்கிருந்து சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு உதவும், ஆனால் சோதனைக்கு முன்பே கொடுத்துவிட்டால் சில கட்டிகள் அடையாளம் தெரியாமல் ஒளிந்துகொள்ளும்.

சாதாரண சளிதான் என்று உறுதியானால் வீட்டில் செய்யவும் வேலை இருக்கிறது. மூக்கை வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் துடையுங்கள். உணவைக் கொஞ்சம் சூடாக்குங்கள். வாசனை தெரியாத பூனை சாப்பிடாது, இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் ஈரல் கெட ஆரம்பித்துவிடும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் பின்னாலேயே தண்ணீர் புகட்டுங்கள், உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். உங்கள் சளி மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் ஒன்றே அதைக் கொன்றுவிடும்.

அந்தக் குறட்டைப் பூனை வீட்டுக்குப் போன மறுநாள் காலையில் ஃபோன் வந்தது. "டாக்டர், ராத்திரி சத்தமே இல்லை. ரெண்டு தடவை எழுந்து தொட்டுப் பார்த்தோம்" என்றார் அந்த அம்மா. நன்றி, வணக்கம்.