தரிசில் விளையும் உளுந்து

நேயர்களுக்கு வணக்கம். உலகத்தின் உணவு உற்பத்தியை நிலமும் தட்பவெப்பமும் விவசாய முறையும் எப்படித் தீர்மானிக்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதிரி உரையைக் குறிஞ்சி, முல்லையில் தொடங்குவதுதான் வழக்கம். நான் யாங்கோன் பயின்னவுங் சந்தையில் பருப்புத் தரகு பார்த்தவன். எனக்குத் தெரிந்தது உளுந்து. அதை வைத்தே பேசிவிடுகிறேன்.

இந்தியா வெளிநாட்டிலிருந்து வாங்கும் உளுந்தில் பெரும்பகுதி நம் பர்மாவில் விளைவது. சென்னையில் இட்லி மாவு அரைக்கும் பலருக்கு இது தெரியாது. வேடிக்கை என்னவென்றால், இங்கே உளுந்து சாப்பிடுவது பெரும்பாலும் இந்திய வம்சாவளியான நம்மவர்கள்தான். பர்மியர் சமையலில் கடலைப் பருப்புக்கு இருக்கும் இடம் உளுந்துக்கு இல்லை. ஜப்பான்காரர்கூட முளைகட்டிச் சாப்பிட இங்கிருந்து வாங்குகிறார். விளைவிக்கிற நாட்டில்தான் அதற்குக் கிராக்கி குறைவு.

அப்படியானால் ஏன் இங்கே விளைகிறது? பெகு, ஐராவதி டெல்டா பக்கம் போய்ப் பார்த்தால் புரியும். யாங்கோனில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை கொட்டித் தீர்த்துவிட்டு, நவம்பரில் சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். அடுத்த ஏப்ரல் வரை வானம் வெறும் நீலம். மழைக்கால நெல் அறுத்து முடிந்ததும் வயலில் நிற்க நீர் இல்லை. ஆனால் களிமண்ணுக்குள் ஈரம் இருக்கிறது. இன்னொரு நெல்லுக்கு அது போதாது, உளுந்துக்குப் போதும். மூன்று மாதத்தில் முடிகிற பயிர். ஆணிவேர் கீழே இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்ளும், இரவுப் பனியும் கொஞ்சம் கைகொடுக்கும். தண்ணீர் பாய்ச்சும் வேலையே பலருக்கு இல்லை. வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால் அடுத்த நெல்லுக்கும் லாபம்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலும் இதே வித்தை உண்டு. சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நெல் நிற்கும் வயலின் ஈரச் சேற்றில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். ஆனால் அங்கே பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபருக்கு மேல். அதனால் அறுவடை தைக்கும் மாசிக்கும் போய்விடுகிறது. உளுந்து கைக்கு வரச் சித்திரை ஆகும். நம் சரக்கு பிப்ரவரி, மார்ச்சிலேயே சந்தைக்கு வந்துவிடும். ஒரே கடலின் இரண்டு கரைதான், ஆனால் மழை வரும் மாதம் வேறு.

இந்த டெல்டாவை இயற்கை தந்த வயல் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவை, அதாவது தென்பகுதியை, பிடித்தபோது இதில் பெரும்பகுதி காடு. கடலோரத்தில் அலையாத்திக் காடு, உள்ளே கனசோ என்ற மரங்கள் நின்ற சதுப்பு, அதற்குமேல் மலேரியா. மேல் பர்மாவிலிருந்து இறங்கி வந்த குடியானவர்கள் அதை வெட்டினார்கள். பணம் செட்டிநாட்டிலிருந்து வந்தது. அறுவடைக்கும் ஆலைக்கும் ஆள் தமிழ், தெலுங்கு நாடுகளிலிருந்து வந்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்குப் போகும் வழி சுருங்கியது. எட்டு லட்சம் ஏக்கருக்குள் இருந்த நெல் நிலம் 1930களில் எண்பது லட்சம் ஏக்கரைத் தாண்டியது. உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அப்போது நம்முடையது.

அப்புறம் 1930இல் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைமாறியது. அந்த வருஷம் கீழ்ப் பர்மாவின் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. எட்டே வருஷத்தில் 25 சதவீதம். வாங்க ஆசைப்பட்டு வாங்கியதில்லை. பணத்துக்குப் பதில் மண் வந்து சேர்ந்தது. கொடுத்தவனுக்கும் சந்தோஷமில்லை, இழந்தவனுக்குக் கேட்கவே வேண்டாம். அந்தக் கசப்பை நம் பாட்டன்மார் பிறகு வேறு விதமாக அனுபவித்தார்கள். 1942இல் ஜப்பானியர் வந்ததும் பர்மா அரிசி வெளியே போவது நின்றது. அடுத்த ஆண்டு வங்காளத்தில் வந்த பஞ்சத்துக்குக் காரணம் பல. இது அவற்றில் ஒன்று.

நெல்லுக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த நிலம் உளுந்துக்குத் திரும்பியதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1988க்குப் பிறகு பயறு வகை வியாபாரத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள், அரிசியையோ அரசாங்கம் பிடியில் வைத்துக்கொண்டது. விவசாயி எந்தப் பக்கம் போவார்? மண் அதேதான், மழையும் அதேதான். விதைப்பு மட்டும் மாறியது.

இதே கதை குளிர்நாடான கனடாவிலும் நடந்தது. சஸ்காச்சுவான் புல்வெளியில் கோதுமை விவசாயிகள் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் நிலத்தைச் சும்மா போட்டு ஈரம் சேமிப்பார்கள். 1970களிலிருந்து அந்தச் சும்மா நிலத்தில் மசூர் பருப்பும் பட்டாணியும் ஏறின. இன்று உலகத்தில் மசூர் ஏற்றுமதியில் முதலிடம் கனடாவுக்கு. பிரேசிலில் செராடோ என்ற புல்வெளியில் புளிப்பேறிய செம்மண்ணில் சுண்ணாம்பு கொட்டி சோயாவை விளைவித்தார்கள். அதற்காக அழிந்த காட்டையும் புல்லையும் கணக்கில் எழுதுவது குறைவு.

நம் நாட்டுக்குள்ளேயே பாருங்கள், ரக்கைன் மலைத்தொடர் மழையைத் தடுத்துவிடுவதால் மகுவே, மந்தலே பக்கம் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டரைத் தொடுவதே அபூர்வம். அங்கே எள், நிலக்கடலை, துவரை.

சரி, சந்தைக்கு வருகிறேன். மூட்டையில் குத்தூசி விட்டு எடுத்த உளுந்தைத் தட்டில் பரப்புவோம். தரத்துக்குப் பெயர் உண்டு: பெரிய மணி எஸ்.க்யூ. (ஸ்பெஷல் குவாலிட்டி), சாதாரண மணி எஃப்.ஏ.க்யூ. (ஃபேர் ஆவரேஜ் குவாலிட்டி). தோல் நீக்கி முழு வெள்ளை உளுந்து எடுப்பவர்கள் பெரிய மணியைத்தான் கேட்பார்கள். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம், விலை இறங்கும்.

2017 ஆகஸ்டில் அந்த விலையை ஈரம் இறக்கவில்லை. இந்தியாவில் நல்ல விளைச்சல். அங்குள்ள விவசாயியைக் காக்க உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு வரம்பு வைத்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் வேறு யாரும் பெரிதாகச் சாப்பிடாத பயிரை ஒரே வாடிக்கையாளருக்காக விளைத்தவர் என்ன செய்வார்? காத்திருந்து விற்கலாம் என்றால், நெல்லுக்கு வாங்கிய கடன் காத்திருக்காது. 2021இல் வரம்பை எடுத்தார்கள், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து என்று ஐந்தாண்டு ஒப்பந்தமும் வந்தது.

நவம்பரில் என்ன விதைக்கலாம் என்று தெரிந்தவர்கள் இன்னமும் என்னைக் கேட்கிறார்கள். பாதி நிலத்தில் உளுந்து, பாதியில் பாசிப்பயறு என்கிறேன். பாசிப்பயறுக்குச் சீனாவிலும் ஐரோப்பாவிலும் ஆள் இருக்கிறது. என்ன, பறிக்கும் கூலிதான் அதில் கூடுதல். காய் ஒரே நேரத்தில் முற்றாது, இரண்டு மூன்று தடவை வயலில் இறங்க வேண்டும். வணக்கம்.