ரஷ்ய மொழியில் ‘ஐ’ உருபு எங்கே இருக்கிறது?

[திரையில்: யா இஷ்ஷூ = நான் தேடுகிறேன்]

வணக்கம். ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமைகள் என்றதும் பலர் மலைத்துப்போகிறார்கள். எட்டு வேற்றுமைகளோடு வளர்ந்தவர்கள் நாம், பயம் வேண்டாம். இன்று செயப்படுபொருள் வேற்றுமை, அதிலும் ஒருமை மட்டும்.

‘பேனா தேடுகிறேன்’ என்று உருபில்லாமல் சொல்கிறோம். ‘தம்பி தேடுகிறேன்’ என்று சொல்ல முடியுமா? ‘தம்பியை’ என்றே ஆக வேண்டும். ரஷ்ய ஆண்பால் சொற்களிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

[திரையில்: ஸ்தோல் = மேசை, ப்ராத் = சகோதரன்]

மேசைக்கு உயிரில்லை. அதனால் ‘யா இஷ்ஷூ ஸ்தோல்’, சொல் மாறாது. சகோதரனுக்கு ‘ஆ’ சேரும்: ‘யா இஷ்ஷூ ப்ராத்தா’. இங்கே ‘ப்ராத்’ என்று விட்டுவிடுவதுதான் தொடக்கத்தில் அதிகம் நடக்கும் பிழை.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நமக்கு விலங்குகள் அஃறிணை. ‘மாடு வாங்கினேன்’ என்கிறோம். ரஷ்ய மொழி பார்ப்பது திணையை அல்ல, உயிரை. ஆகவே பூனைக்கும் ‘ஆ’ உண்டு: கோத், கத்தா. அழுத்தம் கடைசி அசைக்குப் போவதால் ‘ஓ’ ஒலி ‘அ’ ஆகிவிடுகிறது. எழுத்தில் அது ‘ஓ’தான்.

[திரையில்: க்னீகா – க்னீகு, மாமா – மாமு]

‘ஆ’வில் முடியும் சொல்லுக்கு உயிர்க் கேள்வியே தேவையில்லை. ‘ஆ’ போய் ‘ஊ’ வரும். க்னீகா, அதாவது புத்தகம், ‘க்னீகு’ ஆகும். மாமா என்றால் அங்கே அம்மா, ‘மாமு’. ‘யா’வில் முடிந்தால் பெரும்பாலும் ‘யூ’. ‘ஓ’வில் முடியும் அக்னோ, அதாவது ஜன்னல், அப்படியே நிற்கும்.

‘ப்ராத்தா’வுக்கு ‘சகோதரனுடைய’ என்ற பொருளும் உண்டு. ‘தோம் ப்ராத்தா’ என்றால் சகோதரனின் வீடு. எந்தப் பொருள் என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல் காட்டிவிடும்: வினை இருந்தால் ‘ஐ’, பெயர்ச்சொல் இருந்தால் பெரும்பாலும் ‘உடைய’.

இப்போது வீடியோவை நிறுத்திவிட்டு, ‘யா இஷ்ஷூ’வோடு இவற்றைச் சேர்த்து உரக்கச் சொல்லுங்கள்: சூம்கா (பை), பிஸ்மோ (கடிதம்), சஸ்யேத் (பக்கத்து வீட்டுக்காரர்), பாப்பா (அப்பா).

[ஐந்து நொடி இடைவெளி]

சூம்கு. பிஸ்மோ. சஸ்யேதா. கடைசியில் பாப்பு: அப்பா ஆண்தான், ஆனாலும் சொல் ‘ஆ’வில் முடிவதால் ‘ஊ’ வருகிறது.