சாஃப்ட்பால் செலக்‌ஷன்: அணிக்கு யாரை எடுப்பது?

[திரையில்: செம்மண் மைதானம். சுண்ணாம்புக் கோடு. நான்கு மூலையிலும் பேஸ்.]

வணக்கம். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு பள்ளியில் சாஃப்ட்பால் செலக்‌ஷன் என்று நோட்டீஸ் போட்டால் யார் யார் வருவார்கள்? கபடி ஆடுகிற பெண்கள் வருவார்கள், கோ-கோ ஆடுகிறவர்கள் வருவார்கள், தெருவில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் வருவார்கள். கிளவுஸ் மாட்டிப் பழகிய பிள்ளைகள் ரொம்பக் குறைவு. அப்படியிருக்கும்போது இன்றைக்கு நன்றாக ஆடுகிறவரை எடுப்பதா, நாலு மாதத்தில் நன்றாக ஆடப்போகிறவரை எடுப்பதா? இரண்டாமவரைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவரை எப்படி அடையாளம் காண்பது என்று இந்த வீடியோவில் பார்க்கலாம். பி.டி. ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன், பெற்றோரும் கேட்கலாம்.

[திரையில்: மைதானத்தின் வரைபடம், அளவுகளோடு]

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். பேஸ்பால் மாதிரியான ஆட்டம் இது. பந்தை அடித்தவர் நான்கு மூலையிலும் உள்ள பேஸ்களைத் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ரன். ஒரு அணிக்கு 9 பேர், மொத்தம் 7 இன்னிங்ஸ். பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 60 அடி. பெண்கள் ஆட்டத்தில் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், 43 அடி தூரத்திலிருந்து கையைக் கீழ்வழியாகச் சுழற்றி வீசுவார். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். கிரிக்கெட் பந்தைவிடப் பெரிது, கனமும் அதிகம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அடிப்பவருக்குக் கிடைப்பது அரை விநாடிக்கும் குறைவு. 1996இல் அட்லாண்டாவில் பெண்கள் சாஃப்ட்பால் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மறுபடியும் வருகிறது.

சரி, மைதானத்துக்கு வருவோம்.

ஓட்டத்தை அளப்பதுதான் சுலபம். அடிப்பவர் நிற்கிற ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் வரை ஓடவிட்டு ஸ்டாப் வாட்சில் பார்த்தால் போதும். ஆனால் ஒரு விஷயம். முதல் பேஸைத் தொட்டுவிட்டு நேராகத் தாண்டி ஓடலாம் என்பது புதிதாக வருகிற பிள்ளைக்குத் தெரியாது. பேஸ் நெருங்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடும். கிரிக்கெட் பழகிய பையன் மட்டையையும் கையில் பிடித்துக்கொண்டே ஓடுவான். இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு அப்புறம் நேரம் எடுங்கள். அடுத்து, ஹோமிலிருந்து இரண்டாவது பேஸ் வரை ஓடவிடுங்கள். முதல் பேஸில் வளைந்து திரும்ப வேண்டும். நேர் ஓட்டத்தில் பின்தங்கிய கோ-கோ பெண் இங்கே முந்திவிடுவதைப் பார்க்கலாம். கம்பத்தைப் பிடித்துத் திரும்பிப் பழகிய உடம்பு அது.

எறிதலில் தூரத்தை மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள். மாங்காய்க்குக் கல் எறிந்த கைகள் நம் ஊரில் நிறைய. முழங்கை தோள் உயரத்துக்கு வருகிறதா, எறிகிற திசையை நோக்கி எதிர்க்கால் போகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் இருந்தால் தூரம் பின்னால் வரும்.

[திரையில்: தரையோடு உருண்டு வரும் பந்து, கடைசி நொடியில் எகிறுகிறது]

இனி, ஒரு செலக்‌ஷனின் உயிரே இருக்கிற இடம்: தரைப்பந்து பிடித்தல். நம் மைதானங்கள் புல்தரை கிடையாது. செம்மண்ணும் சரளையும்தான். உருண்டு வருகிற பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. வலது கையால் எறிகிற பிள்ளை கிளவுஸை இடது கையில் மாட்ட வேண்டும். ஆனால் பிறந்ததிலிருந்து வலது கையால் பிடித்த பழக்கம் ஒரே நாளில் போகுமா? இடது கை கிளவுஸோடு சும்மா தொங்கும். வலது கை வெறுங்கையாகப் பந்தை நோக்கிப் போகும். இதைப் பார்த்து “இவளுக்கு வராது” என்று எழுதினால், அவளிடம் கிளவுஸ் இல்லாமல் இருந்ததற்குத்தான் நீங்கள் மார்க்கைக் குறைக்கிறீர்கள்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். பத்துத் தரைப்பந்து உருட்டுங்கள். எத்தனை பிடித்தாள் என்று குறியுங்கள். பிறகு பக்கத்தில் கூப்பிட்டு ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். ஒன்றுதான், மூன்று நான்கு வேண்டாம். “கிளவுஸை முதலிலேயே தரையில் வை, பந்து எகிறினால் மேலே தூக்கு” என்பது போதும். மேலிருந்து கீழே கையைக் கொண்டுபோவதைவிடக் கீழிருந்து மேலே தூக்குவது வேகமாக நடக்கும். இப்போது இன்னொரு பத்து உருட்டுங்கள். முதல் பத்தில் ஏழு பிடித்து இரண்டாவது பத்திலும் ஏழே பிடித்தவள் ஒருத்தி. முதலில் இரண்டு, அப்புறம் ஆறு பிடித்தவள் இன்னொருத்தி. நான் இரண்டாமவள் பெயருக்குத்தான் கீழே கோடு போடுவேன். மார்க் ஷீட்டில் இதற்கென்று இரண்டு கட்டம் வேண்டும்: திருத்தத்துக்கு முன், திருத்தத்துக்குப் பின்.

மட்டை அடிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்து நடுமட்டையில் பட்டுப் பறந்தால் பார்க்கிற எல்லார் மனசும் அங்கேயே போய்விடும். மீதி எல்லாம் மறந்துவிடும். எல்லாருக்கும் ஒரே ஆள், ஒரே தூரத்திலிருந்து, ஒரே வேகத்தில் வீச வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் யாரையும் நிறுத்தக் கூடாது.

[திரையில்: காலண்டர். ஜனவரியும் டிசம்பரும் ஒளிர்கின்றன.]

பலரும் கவனிக்காத இன்னொன்று, பிறந்த மாதம். பள்ளி விளையாட்டில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள் உண்டு. ஜனவரி 1ஐ வைத்து வயதைக் கணக்கிடும்போது, ஜனவரியில் பிறந்தவளும் அதே வருடம் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே பிரிவில் நிற்பார்கள். பதின்மூன்று வயதில் பதினோரு மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் தோள் பலத்திலும் பெரிய வித்தியாசம். கனடாவின் ஐஸ் ஹாக்கியில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகமாகத் தேர்வானதை 1980களிலேயே ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பெரிய பிள்ளையைத் திறமையான பிள்ளை என்று நினைத்துவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. மார்க் ஷீட்டில் பிறந்த மாதத்தையும் எழுதுங்கள். இரண்டு பேர் சமமாக வந்தால் அதைப் பாருங்கள்.

இடம் பிரிப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடது கைக்காரப் பிள்ளையை ஷார்ட் ஸ்டாப்பிலோ (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே உள்ள இடம்) மூன்றாவது பேஸிலோ நிறுத்தினால், முதல் பேஸுக்கு எறிய உடம்பைத் திருப்ப வேண்டியிருக்கும். முதல் பேஸ் அவளுக்குப் பொருத்தம். பிட்சிங் பழக மாதக்கணக்கில் ஆகும். அதனால் நன்றாக வீசுகிறவளைத் தேடுவதைவிட, தினமும் வீச ஆசைப்படுகிறவளைத் தேடுங்கள். அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சருக்குத் தைரியமும் வாயும் வேண்டும். மைதானம் முழுக்க அவள் முன்னால்தான் இருக்கிறது, கூப்பிட்டுச் சொல்ல வேண்டியவள் அவள்.

முடிந்தால் செலக்‌ஷனை இரண்டு நாள் வையுங்கள். இரண்டாம் நாள் முழுக்க ஆட்டம் மட்டும். பந்து தன்னிடம் வராதபோது ஒரு பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். அடுத்தவள் எறிகிற பந்து தவறிப் போகலாம் என்று பின்னால் ஓடிப்போய் நிற்கிறாளா? பந்தை விட்டபின் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாளா, துரத்துகிறாளா? எந்த ஸ்டாப் வாட்சும் காட்டாத விஷயம் இது.

[திரையில்: முதுகில் எண் ஒட்டிய பிள்ளைகள், வரிசையில்]

மார்க் போடுகிறவர்கள் மூன்று பேராவது இருக்கட்டும். தனித்தனியாக எழுதட்டும், கடைசியில் கூட்டுங்கள். பெயருக்குப் பதிலாக எண் போதும். சொந்தக்காரப் பிள்ளை ஓடும்போது அந்த ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். ஸ்பைக்ஸ் போட்டு வந்தவளையும் வெறுங்காலில் வந்தவளையும் ஒரே ஓட்டத்தில் ஒப்பிடாதீர்கள். எல்லாரையும் ஒரே மாதிரி ஓடவிடுங்கள். காலை ஆறரை மணிக்கு ஆரம்பித்தால் அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளையும் சித்தேரி மலைப் பிள்ளையும் எப்படி வந்து சேர்வார்கள்? முதல் பஸ்ஸைப் பார்த்து நேரம் வையுங்கள். சாயங்காலம் இருட்டும் முன் பெண் பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள். இதற்காகவே அடுத்த முறை அனுப்ப மறுக்கிற பெற்றோர் உண்டு, அவர்கள் பயத்தில் நியாயமும் உண்டு.

பட்டியலைப் போர்டில் ஒட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. இடம் கிடைக்காத ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு, “கண்ணு, உனக்கு எறிதல் நல்லா இருக்கு, பிடிக்கறதுல இன்னும் வேலை இருக்கு” என்று இரண்டு நிமிடம் சொல்லுங்கள். கிளவுஸ் இல்லாத வீட்டிலும் செய்யக்கூடிய பயிற்சி ஒன்றைக் கொடுங்கள்: சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து, தரையோடு திரும்பி வருவதைக் குனிந்து இடது கையால் மட்டும் பிடிப்பது, தினமும் ஐம்பது தடவை. அணியில் யாராவது அடிபட்டோ தேர்வு காரணமாகவோ விலகினால் முதலில் கூப்பிடுவது யாரை என்று ரிசர்வ் வரிசையையும் அன்றைக்கே எழுதி, அந்தப் பிள்ளைகளிடமே சொல்லி அனுப்புங்கள்.