ஆபரேஷன் இலவசம், அப்புறம்?

அனைவருக்கும் வணக்கம். இதய நோயைப் பற்றிப் பேச மருந்துக் கடைக்காரனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். தப்பில்லை. சீட்டு எழுதுவது டாக்டர். அந்தச் சீட்டில் எதை வாங்குகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பது கல்லாவில் நிற்கிற எனக்குத்தான் தெரியும்.

"எது முக்கியமோ அதை மட்டும் குடு தம்பி."

மாதக் கடைசியில் இதைக் கேட்காத நாளே இல்லை. சீட்டில் ஐந்து மாத்திரை இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, நாடித் துடிப்பைக் குறைக்க ஒன்று. இதில் எதை வேண்டாம் என்று நான் சொல்வது? அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். எது விலை கூடவோ, அது முக்கியமில்லாததாகிவிடும்.

ஆபரேஷனுக்குப் பணமில்லை என்று நகையை அடகு வைத்த காலம் நம் ஊரில் ரொம்பவே மாறியிருக்கிறது. அதைச் சொல்லாமல் குறை பேசக் கூடாது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இன்று முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாய்தான் ஸ்டென்ட். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு அதற்கு உச்ச விலை வைத்தபோது, லட்சத்துக்கு மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது.

ஆனால் அந்தக் காப்பீட்டு அட்டை கைகொடுப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் வரைதான். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்க, ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் போன்ற இன்னொரு மாத்திரையையும் வழக்கமாக ஒரு வருடம் சாப்பிட வேண்டும். முதல் சில மாதங்களில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம். அத்தனை செலவு செய்து வைத்த ஸ்டென்ட், ஒரு அட்டை மாத்திரை வாங்காததால் அடைபடுகிறது.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை சும்மாதானே தருகிறார்கள் என்பீர்கள். மாத்திரை சும்மாதான். போய் வருவது சும்மா இல்லையே! என் கடைக்கு ஒரு கொத்தனார் வருவார். இதயத்தில் உலோக வால்வு வைத்தவர். ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரின் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அளவு கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் வால்வில் ரத்தக் கட்டு. அதனால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும். அதற்கு அவர் இரண்டு பஸ் மாறிப் போகிறார். ஓ.பி. வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வர மதியம் தாண்டிவிடும். ஒரு நாள் கூலி போச்சு. நாலு மாதம் போகாமல் பழைய அளவையே என்னிடம் வாங்கிக்கொண்டிருந்தார். நானும் கொடுத்துக்கொண்டிருந்தேன், அது என் தப்பு. ஒரு நாள் காலையில் ஈறில் துண்டை அழுத்திக்கொண்டு வந்து நின்றார். துண்டெல்லாம் சிவப்பு.

அப்புறம் 'தண்ணி மாத்திரை'. இதயம் பலவீனமாகிக் காலில் நீர் கோத்தவர்களுக்குக் கொடுப்பது. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் முட்டும். நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அக்கா, "ஏரிக்கரையில எங்கே போய் ஒதுங்குறது?" என்று வேலை நாளில் போடவே மாட்டார். கால் வீங்கும், மூச்சு வாங்கும், மறுபடியும் அட்மிஷன். மாத்திரை விலை சில ரூபாய்தான். இதைப் பணக் கஷ்டம் என்று யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நான் எழுதுவேன். கூலியை விட முடியாததால்தானே மாத்திரையை விடுகிறார்?

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுவந்தது. இதய மாத்திரையும் அதே பையில் வரட்டும். ஐ.என்.ஆர். பரிசோதனை எல்லாத் தாலுகா ஆஸ்பத்திரியிலும் நடக்கட்டும். உடம்பு ஒரு நிலையில் இருப்பவரை மாதாமாதம் வரவைக்காமல் மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தால் இரண்டு நாள் கூலி மிச்சம்.

சரி, மைக்கை விட்டுவிடுகிறேன். வீட்டில் ஸ்டென்ட், வால்வு வைத்தவர்கள் இருந்தால் சீட்டை எடுத்துவாருங்கள். எது அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும், எதை முதல்வர் மருந்தகத்தில் குறைந்த விலைக்கு வாங்கலாம் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். என் கடையில்தான் வாங்க வேண்டும் என்று இல்லை.