அயர்லாந்தில் குளிருக்கு முன் மேய்ச்சல்: பிப்ரவரிப் புல்லை அக்டோபரிலேயே பூட்டி வைக்கிறோம்

வணக்கம் மக்களே. காலைக் கறவை முடித்து, மாடுகளை வெளியே விட்டுவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறேன். இன்று அக்டோபர் 28. காற்றுச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு: நான் அயர்லாந்தில், கார்க் மாவட்டத்தின் வடக்குப் பக்கம் ஒரு பால் பண்ணையில் ஐந்தாவது வருடமாக வேலை செய்கிறேன்.

பின்னால் தெரிகிறதா? பச்சைப்பசேல் என்று நாலு விரல் உயரத்துக்குப் புல் வந்துவிட்டது. ஆனால் உள்ளே ஒரு மாடு கூட இல்லை. நேற்று போனில் இதைக் காட்டினேன். "இவ்வளவு புல்லை வைத்துக்கொண்டு மாட்டை எதுக்கு அந்தக் கோடியில் கொண்டுபோய் விட்டிருக்கிறாய்?" என்று அப்பா கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

இந்தத் துண்டில் கடைசியாக மாடு மேய்ந்தது அக்டோபர் 11-ம் தேதி. அடியோடு மேயவிட்டு கேட்டைப் பூட்டினோம். இனி இது பிப்ரவரியில்தான் திறக்கும். இங்கே பெரும்பாலான பண்ணைகளில் மாடுகள் பிப்ரவரி, மார்ச்சில் கன்று போடும். நவம்பர் கடைசியில் எல்லாம் கொட்டகைக்குள் போய்விடும், டிசம்பரில் பால் வற்றவிடுவோம். கன்று போட்டு வெளியே வருகிற மாட்டுக்கு முதல் நாளிலிருந்தே பச்சைப் புல் வேண்டும். ஆனால் மண்ணின் சூடு 5, 6 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் புல் வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் பிப்ரவரியில் மாடு மேய்கிற புல்லில் பெரும்பங்கு பிப்ரவரியில் வளர்ந்தது இல்லை. இப்போது, இந்த அக்டோபர், நவம்பரில் வளர்ந்ததுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். எங்களிடம் 90 மாடு, 36 எக்டேர் மேய்ச்சல் நிலம். அதை 24 துண்டாகப் பிரித்திருக்கிறோம். இங்கே பேடக் என்பார்கள். ஆண்டு நடுவில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை எல்லாத் துண்டையும் சுற்றி வந்துவிடுவோம். ஆகஸ்டிலிருந்தே சுற்றை நீட்ட ஆரம்பித்து, இப்போது ஒரு சுற்றுக்கு 40 நாளுக்கு மேல் ஆகிறது. சாகஸ்க் என்று இங்கே அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உண்டு. அவர்களுடைய மூர்பார்க் நிலையம் எங்களுக்குப் பக்கத்தில் ஃபெர்மாய் ஊரில்தான் இருக்கிறது. அவர்கள் சொல்கிற விதி 60:40. அக்டோபர் 10 வாக்கில் பூட்ட ஆரம்பித்து, நவம்பர் முதல் வாரத்துக்குள் 60 சதவீத நிலத்தை மேய்த்துப் பூட்டிவிட வேண்டும். மீதி 40 சதவீதம் கொட்டகைக்குப் போகும் வரைக்கும். எங்கள் கணக்கில் 14 துண்டு. இரண்டு நாளுக்கு ஒன்று. இன்றைக்கு ஒன்பதாவதைப் பூட்டியாகிவிட்டது.

பூட்டுவது ஒவ்வொரு நாள் தள்ளிப்போனாலும் வசந்தத்தில் எக்டேருக்கு 15 கிலோ அளவுக்குப் புல் குறையும். காய்ந்த எடையில் சொல்கிறேன். ஒரு வாரம் தாமதித்தால் எக்டேருக்கு நூறு கிலோ. ஆறு மாட்டுக்கு ஒரு நாள் தீனி அது. 36 எக்டேருக்குப் பெருக்கிப் பாருங்கள்.

அப்படியானால் செப்டம்பரிலேயே பூட்டிவிடலாமே என்று தோன்றும். கொஞ்சம் கேமராவைக் கீழே கொண்டுவருகிறேன். இது ரை புல். ஒரே ஒரு தண்டைப் பிடுங்குகிறேன், விரலால் பிரித்துக் காட்டுகிறேன், பாருங்கள். ஒன்று, இரண்டு, நடுவில் சுருண்டுகொண்டு மூன்றாவது. இந்தப் புல் ஒரு நேரத்தில் மூன்று இலையைத்தான் உயிரோடு வைத்திருக்கும். நாலாவது வந்தால் அடியில் இருக்கிற முதல் இலை காய ஆரம்பிக்கும். இதோ, இந்த ஓரத்துத் தண்டில் அடி இலை மஞ்சளாகிறது பாருங்கள். ரொம்ப முன்னாடி பூட்டினால் புல் நீண்டு, அடி வெளுத்து, குளிரில் அழுகிவிடும். சேமித்த மாதிரி தெரியும், கைக்கு வராது. குளிர்காலத்தில் ஒரு இலை வரவே ஒரு மாதம் வரை ஆகும். அதனால்தான் இந்த அக்டோபர் நடுவில் பூட்டுவது சரியாகப் பொருந்துகிறது. பூட்டுவதற்கு முன் 4 சென்டிமீட்டர் அளவுக்கு அடிவரை மேயவைப்பதும் இதற்காகத்தான். வெளிச்சம் அடிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் புதுத்தூர் வெடிக்கும்.

வேறு வழியும் கிடையாது. செப்டம்பர் 15-க்குப் பிறகு இங்கே ரசாயன உரம் போடக்கூடாது, சட்டம். அக்டோபர் 1 முதல் ஸ்லரியும், அதாவது கொட்டகையில் சேரும் சாணக் கரைசலும், நிலத்தில் விடக்கூடாது. புல் பற்றவில்லையே, யூரியாவைத் தூவுவோம் என்று நினைக்கவே முடியாது. கையில் இருப்பது இந்தக் கேட் ஒன்றுதான்.

இப்போது மழை விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போன வருடம் இதில் நான் தப்புச் செய்தேன். தாழ்வான ஒரு துண்டில் மழை பிடித்த வாரத்தில் மாடுகளை இரவு முழுக்க விட்டுவிட்டேன். புல் நிறைய இருந்தது, விட்டுவைக்க மனசு வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் நிலம் நாற்றுக்கு உழுத சேற்று வயல் மாதிரி கிடந்தது. ஒவ்வொரு குளம்புக் குழியிலும் தண்ணீர் நின்றது. புல் வேர் அறுந்து சேற்றோடு புதைந்து போயிருந்தது. மே மாதம் வரைக்கும் அந்த இடம் சொட்டையாகவே இருந்தது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அதனால் இந்த வருடம் தாழ்ந்த துண்டுகளை முதலிலேயே, மண் இறுக்கமாக இருக்கும்போதே மேய்த்து முடித்துவிட்டோம். தினமும் காலையில் பூட்ஸ் குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்க்கிறேன். குதிகால் முழுக்க இறங்கி, குழியில் தண்ணீர் ஊறினால் அன்றைக்கு வேளைக்கு மூன்று மணி நேர மேய்ச்சல்தான். காலைக் கறவைக்குப் பிறகு மூன்று மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம். பசியோடு போகிற மாடு தலையைத் தூக்காமல் மேயும். வயிறு நிறைந்த பிறகுதான் அலைந்து, வேலியோரம் கூடி நின்று, தரையை மிதித்து நாசமாக்கும். நிறைந்ததும் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவோம். இந்த நாட்களில் கொட்டகையில் சைலேஜ், அதாவது காற்றுப் புகாமல் புளிக்கவைத்துச் சேமித்த புல், வைக்கக்கூடாது, பசி போய்விடும். அப்புறம், மேய்ந்த பகுதிக்குத் திரும்பாமல் பின்பக்கமும் ஒரு கரன்ட் வேலி. ஒரு வழியாக உள்ளே போனால் வேறு வழியாக வெளியே.

இந்தப் பூட்டித் திறக்கிற முறை நமக்குப் புதிது இல்லை. எங்கள் ஊர் தாராபுரம் பக்கம். காங்கேயம் மாடு மேய்கிற கொறங்காடு அங்கே எல்லாருக்கும் தெரியும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல். ஒரு காட்டை மேய்த்துவிட்டுப் படலைச் சாத்தி, அடுத்த காட்டுக்கு ஓட்டுவார்கள். அங்கே மழை வராதே என்று பயம், இங்கே மழை நிற்காதே என்று பயம். இதைச் சொன்னதும்தான் அப்பா, "அட, படலைச் சாத்தி வைத்திருக்கிறாயா, அப்படிச் சொல்" என்றார்.

இங்கேயும் பழைய காலத்தில் கோடையில் மலைப்புல்வெளிக்கு மாடுகளை ஓட்டிப் போய், நவம்பர் தொடக்கத்தில், குளிர்காலத் தொடக்கத்தைக் குறிக்கிற சௌவின் பண்டிகையை ஒட்டிக் கீழே இறக்குவார்கள். ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கே அந்தப் பெயர்தான். எங்கள் பக்கத்துப் பண்ணைப் பெரியவர் இன்றைக்கும் அந்த நாளை வைத்துத்தான் கிடாரிகளை உள்ளே கட்டுகிறார்.

எங்கள் கிடாரிகள் இன்னும் வெளியேதான். எடை குறைவு, மண்ணுக்கு அவ்வளவு சேதம் இல்லை. ஆனால் இரண்டு கிடாரி இருமுகின்றன. இந்தக் காலத்தில் நுரையீரல் புழு வரும், அதனால் மதியம் கால்நடை மருத்துவரை வரச் சொல்லியிருக்கிறோம்.

இதோ, பத்தாவது துண்டின் ஓரத்துக்கு வந்துவிட்டேன். குதிகால் வைத்துப் பார்க்கிறேன். பாதிதான் இறங்குகிறது, தண்ணீர் இல்லை. இரவு மழை இருக்கிறது என்கிறார்கள். அதற்குள் இதை முடித்துவிட வேண்டும். கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு வருகிறேன்.